உடன் ஓடுதல்

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு
நாலாவது முறை அலறியபோதும்
நீதிபதி தியோஃபில் கோமோ
அந்த ஒற்றைச் சொல்லை எழுதியிருக்கவில்லை.

மேசையில் பதினெட்டுப் பக்கத் தீர்ப்பு.
எழுதியவர் நீதிபதி ஆக்னஸ் ஹிர்டில்.
மூன்றாமவர் நேற்றே எழுதிவிட்டார்,
பச்சை மையில், மழைக்கு ஒதுங்குகிறவர் வேகத்தில்:
கன்கர்.
அதன்கீழ் ஒரு கோடு இன்னும் காலி.

வழக்கு பெரியதல்ல.
ஓபெட் கோர்க்கம், வயது இருபத்தாறு,
லூனன்பர்க் பக்கம் சிங்கி இறால் பிடிப்பவன்.
அடுத்தவன் படகுக்குத் தீ வைத்தான்.
தடுக்க வந்த காவலாளியின் தாடையை உடைத்தான்.
ஒரே இரவு. நடுவில் கால் மணி நேரம்கூட இல்லை.
படகுக்குப் பதினெட்டு மாதம்,
தாடைக்குப் பதினான்கு.
ஏககாலத்தில் அனுபவிக்கட்டும் என்றது கீழ்க்கோர்ட்டு.
ஒன்றன்பின் ஒன்றாக என்கிறார் ஆக்னஸ்.
முப்பத்திரண்டு.
இரண்டு வருஷத்தைத் தாண்டினால்
உள்ளூர்ச் சிறை கிடையாது, ஸ்பிரிங்ஹில்.

நீதிபதிகளின் அந்தச் சொல்லும்
கைதிகளின் இந்த ஏககாலமும்
ஆங்கிலத்தில் ஒருவயிற்றுப் பிள்ளைகள்.
லத்தீனில் 'கும்' என்றால் கூட,
'குர்ரெரே' என்றால் ஓடு.
நீதிபதிகள் மூவரும் சேர்ந்து ஓடினால்
தண்டனைகள் இரண்டும் சேர்ந்து ஓட முடியாது.
இந்தக் கேலியை அவர் யாரிடம் சொல்வார்?
குமாஸ்தா பாஸ்கல்
கதவருகே சூயிங்கம் மெல்லுகிறான்.

அலமாரியிலிருந்து அகராதியை இறக்கினார்,
இரண்டு கையாலும், பிள்ளையைத் தூக்குவதுபோல.
இதே சொல்லில் ஒரு காலத்தில்
படைகள் எதிரெதிரே ஓடிவந்து மோதினவாம்.
அந்தப் பொருளுக்குப் பக்கத்தில்
'வழக்கொழிந்தது' என்று போட்டிருந்தது.
அவர் சிரித்துக்கொண்டார்.
எங்கே ஒழிந்தது?
அவர் வீட்டுப் பிரெஞ்சில்
'கொன்குரான்' என்றால் போட்டிக்காரன்.
மெடேகனில் அப்பாவின் ஆணிக்கடைக்கு எதிரே
அதே ஆணியை ஒரு சென்ட் குறைத்து விற்றவனை
அப்பா சாகும்வரை அப்படித்தான் அழைத்தார்,
பெயர் சொன்னதே இல்லை.

நம் சொல் ஓடுவதில்லை.
இசைவு என்போம், அதில் கொஞ்சம் பாட்டு.
உடன்பாடு என்போம்.
உடன் படு.
படு என்றால் கிட,
படு என்றால் அனுபவி,
பட்டால்தான் தெரியும் என்கிற அந்தப் படு.
தமிழில் யோசித்தால் இந்தக் கோட்டில் கையெழுத்திடுகிறவர்
அவனோடு போய் ஸ்பிரிங்ஹில்லில் படுக்க வேண்டும்,
முப்பத்திரண்டு மாதம், மேல் கட்டிலில்.
நல்லவேளை, ஹாலிஃபாக்ஸில் யாரும்
தமிழில் யோசிப்பதில்லை.

மணி ஆறேகால்.
பேனாவைத் திறந்தார்.
முதல் எழுத்து போட்டார், வளைந்த ஒரு எழுத்து,
பாதி நிலா மாதிரி,
அதோடு நின்றது கை.
ஆக்னஸின் சட்டத்தில் பிழை இல்லை.
படகு எரிந்தது நிஜம்.
அந்தக் காவலாளி இன்னும்
உறிஞ்சுகுழலில்தான் கஞ்சி குடிக்கிறார்.

எழுத்தை அடித்தார்.
கீழே நாலு வரி எழுதினார்:
ஒரே கோபம், ஒரே இரவு,
அதை இரண்டாக அறுத்து எண்ண
எனக்கு மனம் வரவில்லை.
'மனம்' தீர்ப்பில் வரக்கூடாத சொல்.
அதை அடித்து 'காரணம்' என்று மாற்றினார்.

இரண்டுக்கு ஒன்று.
முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகவே நின்றது.

லிஃப்ட் கதவைக் கையால் தடுத்தபடி
ஆக்னஸ் காத்திருந்தார்.
'நாலு வரிக்கு ஒரு வாரமா, தியோ?'
'அடித்ததையும் சேர்த்தால் ஐந்து.'
இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள்,
ஆறு, ஐந்து, நான்கு,
ஒரே வேகத்தில்,
அவர் கையில் குடை,
ஆக்னஸ் கையில் குடை இல்லை.